குளத்துக்கு ஒரு வாய்தா

மழை குறைந்த ஒரு காட்டில் யானை நீதிபதியாக இருந்தது, குழந்தைகளே. நல்ல யானைதான். யாரையும் கடிந்து பேசாது. யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லாது. அதன் குறையும் அதுவே.

பௌர்ணமிதோறும் ஆலமரத்தடியில் நீதிமன்றம் கூடும். யாரையும் விட்டுவிடக் கூடாதே என்று யானை நாற்பது வழக்குகளையும் ஒரே நாளில் கூப்பிடச் சொல்லும். கரிச்சான் குருவி கிளையிலிருந்து பெயர்களைக் கூவி முடிக்கவே வெயில் ஏறிவிடும். மூன்று வழக்குகளை விசாரிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மற்றவர்களுக்கெல்லாம் அடுத்த பௌர்ணமிக்கு வாய்தா.

அப்படிக் காத்திருந்தவர்களில் ஓர் ஆமையும் உண்டு. அதன் குளத்துக்கு வரும் ஓடையைக் காட்டுப்பன்றி மண் தள்ளி அடைத்து, தான் புரளும் பள்ளத்துக்குத் திருப்பிக்கொண்டது. கோடையில் குளம் வற்றத் தொடங்கியது. மீன்களால் கரையேறி வந்து முறையிட முடியாதே. எல்லோருக்குமாக ஆமைதான் இரண்டு நாள் நடந்து வந்தது.

முதல் பௌர்ணமியில் அதன் முறை வரவே இல்லை. இரண்டாவதில், தன் சாட்சியான கொக்கு வேறு காட்டுக்குப் போயிருப்பதாகப் பன்றி வாய்தா கேட்டது, கிடைத்தது. மூன்றாவதில் பன்றிக்குப் பல்வலி. அதற்கும் கிடைத்தது. ஆமை வீடு திரும்பியபோது கெண்டை மீன்கள் சேற்றில் வாய் பிளந்து கிடந்தன. அன்று அது அழுதது.

நான்காம் பௌர்ணமியிலும் கொக்கு வரவில்லை என்றது பன்றி. "உனக்கு ஆட்சேபணை உண்டா?" என்று யானை வழக்கம்போல் ஆமையைக் கேட்டது.

"இல்லை ஐயா. ஆனால் என் குளத்துக்கும் ஒரு வாய்தா கொடுங்கள். அடுத்த பௌர்ணமிவரை வற்றக் கூடாது என்று நீங்களே அதனிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லி அது கேட்கவில்லை."

யானை எழுந்து ஆமையைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தது. பன்றியையும் உடன் வரச் சொன்னது. ஆமை இரண்டு நாள் நடந்த தூரம் யானைக்கு அரைப் பொழுதுதான்.

குளத்தின் நடுவே யானைக் காலடி அளவுக்குத் தண்ணீர் இருந்தது. அதில் பதினொரு மீன்கள். யானை ஓடையோரம் போய் நின்று, "இந்த மண் நீ தள்ளியதுதானா?" என்று பன்றியைக் கேட்டது.

பன்றி தலையைக் குனிந்து ஆமாம் என்றது.

விசாரணை அவ்வளவுதான். யானைக்கு வெட்கமாக இருந்தது. அதுவே மண்ணைத் தள்ளி ஓடையைத் திறந்துவிட்டது.

மறுநாள் முதல் யானை பௌர்ணமிக்காகக் காத்திருக்கவில்லை. நாளுக்கு மூன்று வழக்குகளை மட்டும் கூப்பிட்டது. தாமதம் தாங்காத வழக்கு முதலில். யார் என்றைக்கு வர வேண்டும் என்று கரிச்சான் முன்கூட்டியே சொல்லிவிடும். வாய்தா கேட்டவரிடம், அதனால் எதிராளிக்கு என்ன ஆகும் என்றும் யானை கேட்டது.

சில நாள் கழித்து ஆமை நன்றி சொல்ல வந்தது. யானை அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

"நீ முதல்முறை என்னிடம் வந்தபோது குளத்தில் எத்தனை மீன்கள் இருந்தன?" என்று கேட்டது.

"முந்நூறுக்கு மேல் இருக்கும், ஐயா."

நீதி: கேட்டவருக்கெல்லாம் தவணை கொடுப்பது இரக்கம் ஆகாது, காத்திருக்க முடியாதவரின் வழக்கை முதலில் கேட்பவரே நல்ல நீதிபதி.