முன் சக்கரம்

"முன் சக்கரம் அவனுக்கா?" என்று கேட்டான் சடையப்பன்.

"ஆமாங்கண்ணா" என்றாள் தபிதா.

"நான் அவனுக்கு முன்னாடி வந்தவனுங்க மாஸ்டர்."

"பின் சக்கரம் உங்களுக்கு."

அவள் துணியை எடுத்துக்கொண்டாள். ரிம்மைத் துடைக்கப் போய்விட்டாள்.

கோத்தகிரியில் மலை சைக்கிள்களுக்கென்று இருந்த ஒரே பட்டறை தபிதாவுடையது. அவளுக்கு முப்பத்து மூன்று வயது. வேலை கற்க வந்த இருவரும் நாற்பதைத் தாண்டியவர்கள். இருந்தாலும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

சடையப்பன் மேட்டுப்பாளையத்தில் பதினெட்டு வருஷம் பஞ்சர் கடை வைத்திருந்தவன். நஞ்சுண்டன் அதற்கு முன் தறி ஓட்டியவன். சைக்கிளுக்குக் காற்றடிக்கக்கூடத் தெரியாமல் வந்தவன். அவனுக்கு முன் சக்கரம்.

ஞாயிற்றுக்கிழமை தேயிலைக் காட்டு வழியே சைக்கிளில் இறங்கும் பந்தயம். அதில் ஓட்டப்போவது தபிதாவேதான். சரிவில் பின் சக்கரம் காற்றிழந்தால் வண்டி தள்ளாடும், அவ்வளவுதான். முன் சக்கரம் காற்றிழந்தால் ஆளே தலைகுப்புற விழ வேண்டியதுதான். ஆகவே முன் சக்கரத்தைக் கொடுப்பதும் கழுத்தைக் கொடுப்பதும் ஒன்று. அந்தக் கழுத்தைத் தறி ஓட்டினவனிடம் கொடுத்துவிட்டாளே என்று சடையப்பனுக்கு வயிறு எரிந்தது. இதை நாகரிகமாகச் சொல்ல வேறு வார்த்தை இல்லை.

இரண்டு சக்கரத்தையும் டியூப்லெஸ் ஆக்க வேண்டும்.

டியூப்பை உருவி எறிந்தார்கள். ரிம்மில் கம்பி நுழையும் ஓட்டைகளை மறைத்து டேப் ஒட்டினார்கள். வால்வைச் செருகி, டயரை மாட்டி, ஓரமெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றடித்தார்கள். டயர் டப் டப்பென்று ரிம்மில் போய் உட்கார்ந்தது.

நஞ்சுண்டனின் டயர்தான் முதலில் உட்கார்ந்தது. அதற்கும் சடையப்பனுக்கு வயிறு எரிந்தது.

பிறகு பால்.

டயருக்குள் ஊற்றும் வெள்ளைத் திரவத்துக்குப் பட்டறையில் அதுதான் பெயர். வால்வின் ஊசியைக் கழற்றி சிரிஞ்சால் உள்ளே ஏற்ற வேண்டும். டயரில் எங்கே ஓட்டை விழுந்தாலும் பால் ஓடி வந்து உறைந்து அடைத்துக்கொள்ளும்.

"பால் ஊத்தியாச்சா?" என்று தபிதா முதல் நாள் கேட்டபோது, யாருக்கு என்று பதறியவன் சடையப்பன். இப்போது நஞ்சுண்டன் சிரிஞ்சைப் பிடித்திருக்கும் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

'உனக்கு ஊத்தறேண்டா பாலு' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். கண்ணை அவன் கையிலிருந்து எடுக்காமலே தன் வால்வைத் திருகி மூடினான். காற்றடித்தான். கொக்கியில் மாட்டினான்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பால் ஊற்றிய சக்கரத்தைப் போகிற வருகிறவர்கள் ஒரு சுற்று சுற்றிவிட வேண்டும். அப்போதுதான் பால் உள்ளே எங்கும் பரவும், சலசலக்கிற சத்தமும் கேட்கும். ஆனால் அவரவர் சக்கரத்தை அவரவர் சுற்றக் கூடாது.

"ஏனுங்க மாஸ்டர்?" என்று முன்பு ஒருமுறை நஞ்சுண்டன் கேட்டிருக்கிறான்.

"நம்ம சக்கரத்துச் சத்தம் நம்ம காதுக்குச் சரியாத்தான் கேக்கும்."

சடையப்பன் நஞ்சுண்டனின் சக்கரங்களை ஒருநாளும் சுற்றியதில்லை. இதையும் சுற்றவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மற்ற இருவரும் சாப்பிடப் போயிருந்தார்கள். சீட்டு தைக்கிற ஊசி சடையப்பனின் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். அதை எடுத்தான். முன் சக்கரத்தில் குத்தினான்.

உஸ்ஸென்றது.

கேட்கக் கேட்க இனித்தது. இன்னொரு குத்து. மறுபடி. மொத்தம் பதினொன்று.

மாஸ்டரை விழவைக்க வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. அவ்வளவு பாவி இல்லை. அவள் திரும்பி வரும்போது டயர் தொளதொளத்துக் கிடக்க வேண்டும், நஞ்சுண்டன் முகம் சுண்டிப்போக வேண்டும். அது போதும்.

நல்லபிள்ளையாக டீ குடிக்கப் போனான்.

திரும்பி வந்தபோது தபிதா போகிற போக்கில் முன் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். உஸ் சத்தம் இல்லை. அவள் நகர்ந்ததும் டயரை அமுக்கிப் பார்த்தான். கல்லு மாதிரி இருந்தது.

ஓட்டை விழுந்தால் காற்று போகும். பதினெட்டு வருஷமாக அவனுக்குத் தெரிந்த நியாயம் அது. அந்த நியாயமும் நஞ்சுண்டன் பக்கம் சாய்ந்துவிட்டது.

சனிக்கிழமை காலை தபிதா சக்கரங்களை இறக்கினாள். முன் டயரை வெளிச்சத்தில் பிடித்தாள். கறுப்பு டயரில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், பதினொன்றும் வரிசையாக, கோலத்துக்கு வைத்தது போல.

குத்தின இடத்திலெல்லாம் பால் கசிந்து உறைந்திருந்தது.

"என்னங்கண்ணா இது?" என்று நஞ்சுண்டனைக் கேட்டாள்.

"முள்ளா இருக்கும்ங்க மாஸ்டர்."

"கொக்கியில தொங்குற சக்கரத்துலயா?"

நஞ்சுண்டன் தரையைப் பார்த்தான். சடையப்பன் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டான். தபிதா அந்தக் கையைப் பார்த்தாள். இரண்டு சக்கரத்தையும் வண்டியில் பூட்டினாள்.

"சடையண்ணா, முன் சக்கரம் கேட்டீங்கல்ல. ஏறுங்க. கீழ டீ ஃபேக்டரி வளைவு வரைக்கும் எறங்கிட்டு வாங்க."

"நானுங்களா?"

"நீங்கதான்."

சடையப்பன் முன் டயரை அமுக்கிப் பார்த்தான். "இது தாங்குமாங்க மாஸ்டர்?"

"எவ்வளவு ஆழம்னு குத்துனவங்களுக்குத்தானே தெரியும்" என்றாள் தபிதா. "நீங்க சொல்லுங்க."

அவன் ஹேண்டில்பாரைப் பிடித்தான். ஏறினான்.

முதல் சரிவில் பதினொரு புள்ளிகளும் கண்ணுக்கு முன்னால் சுழன்று ஒரே கோடாயின. ஒவ்வொரு கல்லிலும், இதோ போச்சு என்று நினைத்தான். போகவில்லை. நஞ்சுண்டன் ஊற்றிய பால் அவனைத் தாங்கிக்கொண்டு போயிற்று. உயிர் பயத்திலும் அது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

பாதி வழியில்தான் இன்னொன்று உறைத்தது. பின் சக்கரம். சிரிஞ்சைக் கையிலேயே எடுக்கவில்லை. நஞ்சுண்டனைப் பார்த்துக்கொண்டே, பால் ஊற்றாமல் வெறும் வால்வைத் திருகி மூடியிருந்தான்.

அந்த நேரம் பார்த்து வழி முழுக்க முள்.

பிரேக்கை அமுக்கினால் வழுக்கும். அமுக்காவிட்டால் முள். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினான்.

வளைவில் வண்டியை நிறுத்தி, பின் டயரைத் தடவினான். இரண்டு முள் ஏறியிருந்தது. பிடுங்கினான். உஸ்ஸென்றது. சக்கரத்தைச் சுற்றினான். சத்தம் நின்றுவிட்டது. குத்தின இரண்டு இடத்திலும் வெள்ளையாக ஒரு துளி.

காதை வைத்துக் கேட்டான். உள்ளே பால் சலசலத்தது.

வண்டியில் ஏறாமல் தள்ளிக்கொண்டே மேலே வந்தான். தபிதா பட்டறை வாசலில் நின்றிருந்தாள். அவளைத் தாண்டி நேராக நஞ்சுண்டனிடம் போனான்.

"என் சக்கரத்துக்குப் பால் ஊத்துனது நீயா?"

"நேத்து சாயங்காலம் சுத்திவிட்டேனுங்கண்ணா. சத்தமே வரல. நீங்க மறந்துட்டீங்கன்னு ஊத்திட்டேன். யார்கிட்டயும் சொல்லலீங்க."

"முன் டயருல புள்ளி இருந்தத அப்பவே பார்த்தியா?"

"பார்த்தனுங்க."

"ஆர் குத்துனதுன்னு தெரியுமா?"

நஞ்சுண்டன் ஆமென்று தலையை ஆட்டினான்.

"தெரிஞ்சுமா ஊத்துன? அது என் சக்கரமாச்சே!"

"உங்களுதா?" நஞ்சுண்டனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "மாஸ்டர் ஓட்டற வண்டியாச்சுங்களேண்ணா."

இந்தப் பதிலும் தனக்கு முதலில் தோன்றாமல் போயிற்றே என்று, கடைசியாக ஒருமுறை, சடையப்பனுக்கு வயிறு எரிந்தது.

முன் சக்கரத்தைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினான். ஊசியை எடுத்து தபிதாவிடம் நீட்டினான்.

"வச்சுக்கோங்கண்ணா. சீட்டு தைக்க வேணும்" என்றாள்.

பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தவன், நின்று, திரும்பி வந்து, நஞ்சுண்டனின் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டான்.