பாதி ரோட்டில் திரும்பும் அணில்

அந்தக் காலத்தில் ஊர்வது, பறப்பது, மரமேறுவது எல்லாமே பேசும். பேசி என்ன கண்டது என்று என்னிடம் கேட்காதீர்கள். நாமும்தான் வாய் ஓயாமல் பேசுகிறோம், என்னத்தைக் கண்டோம்?

அப்போது தேரிக்காட்டில், அதாவது செம்மணல் மேட்டுக் காட்டில், ஒரு செம்மண் பாதை இருந்தது. மேற்கேயிருந்து வந்து, ஓரிடத்தில் வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாகப் பிரியும். அந்த முச்சந்தியில் மாட்டுவண்டி திரும்பும்போது மூட்டை குலுங்கிக் கொஞ்சம் கம்பு சிந்தும். அதைப் பொறுக்குவதற்குப் பேச்சி என்கிற அணில் தினமும் வருவாள். பக்கத்துப் புற்றில் ஓர் உடும்பு இருந்தார். வண்டிக்காரர்களுக்கும் வெருகுப்பூனைக்கும் காடைக்கும் அவர்தான் வழி சொல்லுவார். "இப்படிப் போ" என்றால் இப்படித்தான். மறுபேச்சே கிடையாது. பேச்சி அவரை அண்ணே என்று கூப்பிடுவாள்.

அந்தக் காலத்து அணில்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கண் திறந்ததும் குட்டிகளைப் பிரித்து, மரத்துக்கு ஒன்றாக வைத்து வளர்ப்பார்கள். பேச்சிக்கு அந்த வருஷம் இரண்டு குட்டிகள். மகன் மாடனை வடக்குப் பனையில் வைத்தாள், மகள் இசக்கியைத் தெற்குப் பனையில் வைத்தாள். அப்பன் அணில் எங்கே என்று கேட்கிறீர்களா? அணில் சாதியில் அப்பன் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. அதை விடுங்கள்.

உடும்பு ஒருநாள் கேட்டார்: "ஏ தங்கச்சி, இங்கிட்டும் அங்கிட்டும் ஓடிச் சாகுதியே. ரெண்டையும் ஒரே கூட்டுல போட்டா என்ன?"

"போன ஈத்துல அப்படித்தான் போட்டேன் அண்ணே. சாரைப்பாம்பு ஏறிச்சு, ஒண்ணு மிஞ்சல. இப்போ வந்தா ஒண்ணுதான் போகும், ஒண்ணாவது மிஞ்சும்லா?"

நல்ல கணக்குத்தான். யாரும் குறை சொல்ல முடியாது. அவளும் அந்தத் தைரியத்தில்தான் தூங்கினாள்.

ஆனி மாதம் வந்தது. மேல்காற்று தேரியையே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி அடித்தது. மேற்கே எவனோ ஒரு பாவி தேனெடுக்கப் புகை போட்டான். தேன் கிடைத்தது, போய்விட்டான். தீயை மட்டும் அங்கேயே விட்டுவிட்டுப் போனான். காய்ந்த புல்லில் பிடித்து, காற்று தள்ளத் தள்ள, அகலமாக ஒரே வரிசையில் கிழக்கே வந்தது.

பேச்சி முச்சந்தியில் கம்பு கொறித்துக்கொண்டிருந்தாள். புகை மூக்கில் ஏறியதும் தலையைத் தூக்கினாள். வடக்குப் பனைக்கும் தெற்குப் பனைக்கும் தீ ஒரே நேரத்தில் போய்ச் சேரும் போலிருந்தது. பனையைச் சுற்றிக் காய்ந்த ஓலைகள் அடிவரை தொங்கின. ஒரு பொறி போதும். குட்டிகளுக்கோ இறங்கத் தெரியாது. வாயில் ஒன்றைத்தான் கவ்வ முடியும். ஒரு பக்கம் போய்வர நேரமிருந்தது, இரண்டு பக்கமும் போக நேரமில்லை.

"அண்ணே! எந்தப் பக்கம் போவேன்? சொல்லுங்க அண்ணே!"

உடும்புக்கு யோசிக்கிற பழக்கமே கிடையாது. "தெக்க போ. போனா போயிட்டே இரு. திரும்பாத" என்றார்.

பேச்சி தெற்கே ஓடினாள். பாதி வழி போயிருப்பாள். பின்னாலிருந்து மாடன் "அம்மா" என்று கத்தினான்.

நின்றாள்.

நிற்காமல் எப்படி ஓடுவாள்? நீங்கள் ஓடுவீர்களா? திரும்பினாள். முச்சந்தியைத் தாண்டி வடக்கே ஓடினாள். "திரும்பாதன்னு சொன்னேனே!" என்று உடும்பு புற்றுக்குள்ளிருந்து கத்தினார். அவள் காதில் விழவில்லை. வடக்குப் பாதையில் பாதி போனபோது தெற்கேயிருந்து இசக்கி கத்தினாள். அவள் சின்னவள். குரல் எழும்பவே இல்லை, அது இன்னும் கொடுமையாக இருந்தது. பேச்சி மறுபடி திரும்பினாள்.

இப்படியே வடக்கே கொஞ்சம், தெற்கே கொஞ்சம் என்று ஓடினாள். யாருக்காக ஓடினாளோ அவர்கள் இரண்டு பேரிடமுமே அவள் போய்ச் சேரவில்லை. கடைசியில் முச்சந்தியின் நட்டநடுவில் வந்து நின்றாள். எல்லாம் போய்விட்டால் "முச்சந்தியில் நிற்கிறேன்" என்று நாம் சொல்கிறோம். நாம் சொல்வது பேச்சுக்கு. அவள் நிஜமாகவே நின்றாள்.

இரண்டு பனையும் சேர்ந்தாற்போல் பற்றின. முதலில் பெரிய குரல் நின்றது, அப்புறம் சின்னக் குரலும் நின்றது.

தீ அவளைத் தொடவில்லை. பாதையில் எரிவதற்குப் புல் இல்லை, வெறும் மண்தான். இரண்டு பக்கமும் வெந்து போனது, நடுவில் நின்றவள் பிழைத்துக்கொண்டாள். பிழைத்தது ஒரு பிழைப்பா!

மண் ஆறிய பிறகு உடும்பு வெளியே வந்தார். ஆறுதல் சொல்லத் தெரியாத ஆள். "ஒண்ணையாவது பிடிச்சிருக்கலாமே, தங்கச்சி" என்றார்.

பேச்சி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எதை அண்ணே?"

ஊருக்கெல்லாம் வழி சொன்னவர் வாயைத் திறந்தார். தெற்கே என்று சொல்லப் போனார், மாடன் ஞாபகம் வந்தது. வடக்கே என்று சொல்லப் போனார், இசக்கி ஞாபகம் வந்தது. நாக்கு பாதி அந்தப் பக்கமும் பாதி இந்தப் பக்கமுமாக இழுத்து, நடுவில் கிழிந்து போனது. இன்றைக்கும் உடும்பு அந்தப் பிளந்த நாக்கை நீட்டி நீட்டிப் பார்க்கும், ஒரு வார்த்தை வராது.

பிறகு அணில்கள் பிரித்து வளர்ப்பதை விட்டுவிட்டன. எல்லாக் குட்டிகளையும் ஒரே கூட்டில்தான் வைக்கின்றன. பாம்பு ஏறினால் மொத்தமும் போகும். அதற்கும் வழியில்லை, இதற்கும் வழியில்லை.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். வண்டியில் போகும்போது குறுக்கே ஓர் அணில் ஓடும். ரோட்டைத் தாண்டியே விட்டது, இன்னும் ஓர் எட்டுத்தான் என்று நாம் மூச்சு விடுவோம். அந்த நேரம் பார்த்து நிற்கும், திரும்பும், சக்கரத்தை நோக்கியே ஓடிவரும். "சனியனே, போய்த் தொலையேன்" என்று நாம் பிரேக்கை மிதிப்போம். அது எங்கே போகும்? பேச்சி முச்சந்தியில் நின்ற அன்று முதல்தான் அணில் எந்த ரோட்டிலும் பாதியில் திரும்புகிறது. பின்னால் ஒரு பிள்ளை கத்துகிறதே.