மே தினப் பேனர்

மே தினத்தன்று விடிந்தும் விடியாமல் மடத்துக் கதவைத் தட்டினார் கோமதிநாயகம். ஒன்பது மாடி ஜவுளிக்கடை ஒன்றின் சூப்பர்வைசர். ஐம்பது தாண்டியவர், தன்னைவிடப் பதினைந்து வயது இளைய சாமியாரைக் குருவாகக் கொண்டதற்கு அவர் வீட்டில் இன்னும் கேலி ஓயவில்லை.

“பயம் போக ஒரு மந்திரம் சொல்லுங்க சாமி.”

“என்ன பயம்?”

“பத்து மணிக்கு முதலாளி எல்லாருக்கும் ஸ்வீட் குடுக்கப் போறார். அதுக்குள்ள மொட்டை மாடியிலிருந்து எங்க கடை வேலைக்காரப் பையன் பெத்துராசைக் கயித்துல இறக்கி, ‘உழைப்பாளர் தின வாழ்த்துகள்’னு பேனர் கட்டணும். கயிறு பழசு. புதுசு கேட்டேன். ‘உன் இடத்துக்கும் புதுசா ஆள் பார்க்கவா?’ன்னுட்டார்.”

“கயித்தைப் பார்த்தீங்களா?”

“பார்க்கவே பயமா இருக்கு. பார்த்துட்டா அப்புறம் எப்படிச் சாமி அவனை இறக்குறது?”

குரு துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு எழுந்தார். “வாங்க.”

மொட்டை மாடியில் பெத்துராசு தயாராக நின்றான். மேலே நிற்கும் கோமதிநாயகம் முடிச்சை மூன்று முறை தட்டினால், கயிற்றைப் பார்த்தாச்சு என்று அர்த்தம். அவன் கேள்வி கேட்காமல் இறங்கிவிடுவான். அது அவர்களுக்குள் வழக்கம் என்று வரும் வழியில் கோமதிநாயகம் குருவிடம் சொல்லியிருந்தார்.

“இன்னிக்கு அவனுக்கு வேண்டாம். எனக்குக் கட்டுங்க,” என்றார் குரு.

கோமதிநாயகத்துக்குக் குருவிடம் மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. கயிற்றை எடுத்து முழம் முழமாகத் தடவிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. ஏழாவது முழத்தில் விரல் நின்றது. மூன்று புரியில் இரண்டு அறுந்திருந்தன.

“முடிச்சைப் போட்டுத் தட்டுங்க. இறங்குறேன்.”

“வேண்டாம் சாமி! இதுல இறங்கினா உயிர் போயிடும். நான் இறக்க மாட்டேன்!”

குரு கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். பெத்துராசு அறுந்த புரிகளையே பார்த்துக்கொண்டு நின்றான். நேற்று அவன் அதில்தான் தொங்கினான்.

லிஃப்ட் மேலே வரும் சத்தம் கேட்டது. இந்த நேரத்தில் மொட்டை மாடிக்கு வர முதலாளியைத் தவிர வேறு ஆளில்லை.

“வந்துட்டார் சாமி. அவர்கிட்ட நான் என்ன சொல்ல?”

“அவர்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். ‘நான் இறக்க மாட்டேன்’னு இப்ப என்கிட்ட சொன்னதைப் பெத்துராசுகிட்ட சொல்லுங்க. அவர் காதுல விழட்டும்.”