சொர்க்க மிளகு விற்ற புனுகுப்பூனை

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரக் காடு ஒன்றில் மெபா என்றொரு புனுகுப்பூனை வாழ்ந்தது. அந்த வருஷம் மழை தப்பிப்போனதால், காட்டில் புளித்த பழங்கள்தான் மிச்சம். அவற்றைத் தின்ற விலங்குகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தன. குட்டிகள் குடித்த பாலையும் கக்கின.

எந்தோங் என்ற கொரில்லா மட்டும் சதுப்பு நிலத்தோரம் உட்கார்ந்து நிம்மதியாக ஏப்பம் விட்டது.

மெபா ஒளிந்திருந்து பார்த்தது. தரையை ஒட்டிக் காய்த்திருந்த சிவப்புக் காய்களை எந்தோங் பிளந்தது. உள்ளே இருந்த பொடிப்பொடியான விதைகளை மென்றது. மெபாவும் கொஞ்சம் கடித்துப் பார்த்தது. மிளகு போலக் காரம், பின்னாலேயே ஏலக்காய் வாசம். சற்று நேரத்தில் வயிற்று இரைச்சல் அடங்கியது.

‘இதைச் சும்மா சொல்லிவிட்டால் எனக்கு என்ன லாபம்?’ என்று யோசித்தது மெபா.

மறுநாள் விதைகளை இலையில் மடித்துக்கொண்டு வந்தது. “இது சொர்க்க மிளகு! மலை உச்சியில், மேகத்திலிருந்து விழுகிறது! உயிரைக் கொடுத்துப் பொறுக்கி வந்தேன்!”

“சதுப்பில்கூட இதே வாசத்தில் ஒரு காய்...” என்று இழுத்தது காட்டுமான்.

“ஐயையோ! அது கொடிய விஷம்! நானே மயக்கத்தில் கேட்டாலும் தந்துவிடாதீர்கள்!”

“எந்தோங் தின்கிறாரே?”

“அவர் கொரில்லா! கல்லைத் தின்றாலும் செரிக்கும்!”

எல்லோரும் நம்பினார்கள். விதையைத் தின்றதும் வலி தீர்ந்ததால் இன்னும் நம்பினார்கள். விதைக்கு விலையாக முட்டை, தேன், நண்டு என்று மெபாவின் பொந்துக்கு வந்து குவிந்தன. மெபா வேட்டைக்குப் போவதை நிறுத்தியது. சாப்பிடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

ஒருநாள் அழுகிய முட்டை ஒன்று உள்ளே போய்விட்டது. வயிறு முறுக்கிப் பிழிந்தது. கைவசம் ஒரு விதைகூட இல்லை. எழுந்தால் கால் மடங்கியது.

“சதுப்புக் காய்! சீக்கிரம் கொண்டுவாருங்கள்!” என்று கத்தியது.

“பாவம், பிதற்றுகிறது,” என்றது கூடி நின்ற விலங்குகளில் ஒன்றான முள்ளம்பன்றி. “மயக்கத்தில் கேட்டாலும் தராதீர்கள் என்று அன்றே சொன்னதே! என்ன முன்யோசனை!”

“நான் சொன்னது பொய்! மலையும் பொய்! மேகமும் பொய்!”

“முற்றிவிட்டது,” என்று முள்ளம்பன்றி கண்ணைத் துடைத்துக்கொண்டது. “பயப்படாதே! நீ விழுந்த உடனே உனக்காகக் காட்டுமான் மலையேறிப் போயிருக்கிறது!”

சத்தம் கேட்டு எந்தோங் மென்றபடியே வந்தது.

“அண்ணே, நீங்களாவது சொல்லுங்கள்! அது விஷமா?” என்று மெபா கதறியது.

எந்தோங் யோசித்தது. “பிறந்ததிலிருந்து தின்கிறேன். இன்னும் சாகவில்லை,” என்று சொல்லி, ஒரு காயைப் பிளந்து மெபாவின் வாயில் போட்டது.

மெபா பிழைத்தது. யாரும் அதை அடிக்கவில்லை. எல்லோரும் சதுப்புப் பக்கம் நடந்தார்கள்.

சில நாள் கழித்துக் காட்டுமான் எலும்பும் தோலுமாக மலையிலிருந்து இறங்கி வந்தது. குளம்புகள் வெடித்திருந்தன. “வாயைத் திறந்தபடியே நின்றேன், மெபா. ஒன்றுகூட விழவில்லை. என்னை மன்னித்துவிடு,” என்றது.

மெபாவால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஊரை ஏமாற்றச் சொல்லும் பொய், நம்மை அதிகம் நம்பியவரைத்தான் அதிகம் வதைக்கும்.