எரவாணத்தில் சிக்கிய மார்கழி

அந்தக் காலத்தில் பருவங்களுக்குக் கால் இருந்தது. மழை மேற்கு மலையிலிருந்து இறங்கி நடந்து வரும். வெயில் கிழக்கேயிருந்து வரும். பனி மட்டும் யார் கண்ணிலும் படாமல் கொல்லைப்புறமாக வந்து சேரும். வந்த வேலை முடிந்ததும் ஒவ்வொன்றும் தன் வழியே போய்விடும். அப்போது செடியும் கொடியும் பறவையும் பேசின. மனிதர்களுக்கு அது புரிந்தது. புரியாதமாதிரி இருந்துகொள்ளவும் அப்போதே தெரிந்திருந்தது.

மலைக்குக் கிழக்கே சோளக்காடுகள் சூழ்ந்த ஊரில் சிலம்பாயி என்றொரு மந்திரக்காரி இருந்தாள். ஊர் அவளை நேரில் ‘ஆத்தா’ என்றது, முதுகுக்குப் பின்னால் ‘சூனியக்காரி’ என்றது. அவளுக்குத் தெரிந்த மந்திரம் ஒன்றே ஒன்று. பருவம் வந்த முதல் நாள், கையால் திரித்த பருத்தி நூலில் ஒரு முடிச்சுப் போடுவாள். பருவத்தின் வலு கொஞ்சம் அதற்குள் வந்து உட்காரும். மழை முடிச்சைக் கிணற்றில் தொங்கவிட்டால் ஊற்றுக்கண் திறக்கும். வெயில் முடிச்சை ஆறாத புண்ணருகில் வைத்தால் புண் காயும். பனி முடிச்சை நெற்றியில் வைத்தால் காய்ச்சல் இறங்கும். பருவத்தின் கடைசி நாள் பொழுது சாயும்போது காட்டு வரப்பில் நின்று அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும். “போயிட்டு வா தாயே” என்று வாயால் சொல்லி வழியனுப்ப வேண்டும். அவ்வளவுதான். அதில் அவள் ஒரு நாளும் தவறியதில்லை.

அவள் புருஷன் அத்தப்பன் மாடு மேய்ப்பவன். போன கோடையில் அவன் உடம்புக்குள் ஒரு கொள்ளி புகுந்துகொண்டது. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது, தோல் வெடித்தது. செத்துவிடுவான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மார்கழி வந்து பனி முடிச்சை நெற்றியில் வைத்த பிறகுதான் எழுந்து உட்கார்ந்து கூழ் குடித்தான். ஆனால் தினமும் அவன் கைநாடியைப் பிடித்துப் பார்த்தவள் சிலம்பாயி. கொள்ளி அணையவில்லை, சாம்பலுக்குள் கிடக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அடுத்த வெயில் பட்டால் அவன் இருக்கமாட்டான்.

மார்கழியின் கடைசி நாள் வந்தது. வரப்பில் நூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அவுத்து விடு. எனக்கு நேரமாச்சு” என்றது முடிச்சுக்குள்ளிருந்து பனி.

“பத்து நாள் இரு தாயே. அவரு கொஞ்சம் தேறிக்கட்டும்.”

“பத்து நாள் கழிச்சு என்ன சொல்லுவே?”

சிலம்பாயி முடிச்சின்மேல் இன்னொரு முடிச்சைப் போட்டு இறுக்கினாள். வீட்டுக்கு வந்து, நூலைக் கூரை தாழ்ந்து முடியும் எரவாணத்தில், வைக்கோலுக்கு அடியில் செருகினாள்.

வடக்கே திரும்ப வேண்டிய சூரியன் தென்மேட்டிலேயே நின்றுவிட்டது. பத்து நாள் போயிற்று. இன்னும் பத்து. குடத்துத் தண்ணீரின்மேல் கண்ணாடிபோல் ஏடு படர்ந்தது. சோளம் பால் பிடித்த கதிரோடு நின்றது, முற்றவேயில்லை. அத்தப்பன் மட்டும் திடமாக இருந்தான்.

“ஏம்புள்ள, இந்த வருசம் மார்கழி வீட்டோட மாப்பிள்ளையாட்டம் உக்காந்துக்கிச்சே! கறிச்சோறு போட்டாத்தான் கிளம்புமோ?” என்று சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சாயங்காலம் அவன் வளர்த்த கன்றுகள் இரண்டு விறைத்துச் செத்தன. அவன் தொழுவத்தில் உட்கார்ந்து அழுதான். அவள் பக்கத்தில் நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

நாற்பதாம் நாள் ஓர் ஆட்காட்டிக் குருவி வாசலுக்கு வந்தது. வெட்டவெளித் தரையில் முட்டையிடும் பறவை அது.

“நாலு முட்டை போட்டேன், சிலம்பாயி. மூணு செத்துப்போச்சு.”

“அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?”

“நீ என்ன பண்ணினேன்னுதான் கேக்கறேன். தரையில குடியிருக்கறவ நான். எந்நேரமும் மேலதான் பாத்துட்டிருப்பேன். எரவாணத்துல என்ன சொருகி வெச்சிருக்கே?”

“சும்மா நூலு.”

“சும்மா நூலுல இருந்து பனி சொட்டுமா?”

சிலம்பாயி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

“நாளைக்குப் பொழுது கிளம்பறவரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல என் கடைசி முட்டை தாங்காது. ஊரக் கூப்பிட்டிருவேன்” என்று சொல்லிவிட்டுக் குருவி போயிற்று.

மறுநாள் கிழக்கு வெளுக்கும் முன்பே அவளுக்கு விழிப்பு வந்தது. பக்கத்தில் படுத்திருந்த அத்தப்பனைத் தொட்டாள். கல்லைத் தொட்டமாதிரி இருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது, விரல்கள் குச்சியாக விறைத்திருந்தன.

“ஐயோ, இவரக் காப்பாத்தத்தானே உன்னை வெச்சிருக்கேன்!” என்று எரவாணத்தைப் பார்த்துக் கத்தினாள்.

“வேணும்னா பண்றேன்? அடைஞ்சே கெடந்தா, பக்கத்துல இருக்கறதத்தான் கடிப்பேன்” என்றது பனி.

அத்தப்பன் கண்ணைத் திறந்தான். அவள் பார்த்த இடத்தைப் பார்த்தான். “அது என்ன புள்ள?”

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? எல்லாவற்றையும் சொன்னாள்.

“என் ஒருத்தனுக்காகவா?”

“உங்க ஒருத்தருக்காகத்தான்.”

“ரெண்டு கன்னு செத்துச்சே புள்ள. நான் அழுதுட்டிருந்தேன். அப்பக்கூடச் சொல்லலையே நீ.”

வெளியே ஆட்காட்டி அலறியது. வாசலில் தீப்பந்த வெளிச்சம். ஊர்த்தலைவன் மசையன் முன்னால் நின்றான். அவன் பின்னால் ஊரே நின்றது.

“வெளிய வாடி சூனியக்காரி! கூரையோட கொளுத்தறோம். அப்பவாச்சும் ஊருக்குச் சூடு வரட்டும்!” பந்தம் எரவாணத்தை நோக்கி உயர்ந்தது.

“மசையா, வேண்டாம்!” என்று ஓடி வந்து நூலை உருவி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “இதக் கொளுத்தினா பனி செத்துரும். அறுத்தாலும் செத்துரும். அப்புறம் எந்த வருசமும் வராது. பன்னெண்டு மாசமும் வெயில்தான், பாத்துக்க!”

பந்தம் பாதியில் நின்றது. “அப்ப அவுத்துரு. பொழுது கிளம்பறதுக்குள்ள அவுத்துரு.”

முடிச்சு இரும்பாக உறைந்திருந்தது. நகத்தைக் கொடுத்தாள், நகம் பிய்ந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக மரத்து, மடங்கியபடியே நின்றுவிட்டன. நூலை வாயில் வைத்துப் பல்லால் கடித்து இழுத்தாள். ஈறு வெடித்து ரத்தம் வந்தது. மேல் முடிச்சு கழன்றது. அடி முடிச்சில் பல்லை வைத்தவள் நின்றுவிட்டாள்.

“இன்னும் என்னத்துக்கு நிக்கறே?” என்று மசையன் உறுமினான்.

“இதையும் அவுத்தா நாப்பது நாள் வெயிலும் ஒண்ணா வரும். உள்ள படுத்திருக்கறவருமேல வரும்.”

அப்போது அவள் காலடியிலிருந்து ஒரு குரல் வந்தது. வாசலோரம் எல்லாரும் மிதித்துப் போகும் பூளைச்செடி.

“எங்கிட்டக் கொஞ்சம் குளிரைக் குடுக்கச் சொல்லு. நான் வெச்சுக்கறேன். உங்க எல்லாரு காலையும் தாங்கிட்டேன், குளிரா என்னைக் கொன்னுரும்?”

“வெயிலோட மொத அடிய நான் வாங்கிக்கறேன்” என்றது வேலியோர ஆவாரை.

“மிச்சம் மீதிக்கு நான் நடுவுல நிக்கறேன்” என்றது முற்றத்து வேம்பு.

சிலம்பாயி வாயிலிருந்த நூலை உள்ளங்கையில் ஏந்தினாள். “தாயே, கொஞ்சம் குடுத்துட்டுப் போவியா?”

“நாப்பது நாள் கட்டி வெச்சுட்டு இப்பக் கேக்கறியா?” என்றது பனி. “அன்னிக்கு வரப்புல ‘இரு’ன்னு சொல்லாம ‘குடு’ன்னு கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேனே.”

அவள் கண்ணை மூடி அடி முடிச்சைக் கடித்து இழுத்தாள். அது அவிழ்ந்தது. ஆனால் முடிச்சின் குளிரில் நாக்கு உறைந்து புரளவில்லை. வழியனுப்பும் சொல் வரவில்லை. சொல் இல்லாமல் பனியால் அடி எடுத்து வைக்க முடியாது. கிழக்கே சிவந்துகொண்டிருந்தது.

“போயிட்டு வா தாயே!”

வீட்டுக்குள்ளிருந்து வந்தது அத்தப்பனின் குரல். தெரிந்துதான் சொன்னான்.

பனி காட்டு வழியே நடந்தது. போகிறபோக்கில் பூளையின் தலையைத் தடவியது. பச்சையாக இருந்த செடியின் நுனியெல்லாம் வெள்ளைப் பஞ்சாகப் பூத்தது. சிலம்பாயி பூளையில் ஒரு கொத்து, ஆவாரையில் ஒரு கொத்து, வேம்பில் ஒரு கொத்து ஒடித்தாள். மடங்கிப்போன விரல்களால் முடிச்சுப் போட முடியவில்லை. மூன்றையும் அப்படியே எரவாணத்தில், நூல் இருந்த இடத்தில் செருகினாள்.

சூரியன் ஒரே எட்டில் மேலேறியது. நாற்பது நாள் வெயிலும் கூரையில் வந்து மோதியது. ஆவாரம்பூ அதைக் குடித்துக் குடித்துப் பொன்னாக மாறியது. வேப்பிலை வாடியும் உதிராமல் நின்றது. பூளையிலிருந்து பகல் முழுக்கக் குளிர் சொட்டியது. உள்ளே அத்தப்பன் அசையாமல் கிடந்தான். மசையன் பந்தத்தை என்ன செய்வதென்று தெரியாமல் ஊரோரம் கிடந்த கிழிந்த பாய்க் குவியலில் எறிந்துவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்தான்.

சாயங்காலம் அத்தப்பன் நெற்றியில் வியர்வை பூத்தது.

“மாடுக தண்ணி குடிச்சுதா?” என்று கேட்டான்.

அதே நேரம் சோளக்காட்டோரம் ஆட்காட்டியின் கடைசி முட்டை விரிசல் விட்டது.

அந்தக் கோடையை அவன் தாண்டினான். சிலம்பாயியின் விரல்கள் நிமிரவேயில்லை. அவள் அப்புறம் எந்தப் பருவத்துக்கும் முடிச்சுப் போடவில்லை. ஒவ்வொன்றும் போகும்போது கேட்டாள், கொடுத்ததை வாங்கிக்கொண்டாள்.

அன்று முதல்தான் பூளைக்கு வெள்ளைத் தலை. அன்று முதல்தான் மார்கழியின் கடைசி நாள் பொழுது சாயும்போது வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வீட்டுக்கு வீடு எரவாணம் ஏறுகின்றன. எரவாணம் இல்லாத மாடி வீடுகளில் வாசல் கம்பிக்கு வருகின்றன. காப்புக் கட்டுகிறோம் என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். ஆனால் யாரும் அதை வீட்டோடு முடிச்சுப் போடுவதில்லை. செருகி வைப்பதோடு சரி.