நரி எழுதிய பூஜ்யம்

மழை ஏமாற்றிவிட்ட ஒரு காட்டில், ஆற்றுக்கு இந்தப் பக்கம் புல்லெல்லாம் கருகிப் போயிற்று. அந்தப் பக்கம் மட்டும்தான் பச்சை. நடுவில் ஆறு. ஆறு நிறைய முதலைகள்.

கடமான் ஒன்று தன் குட்டியோடு கீழ்த்துறைக்கு வந்து சேர்ந்தது. மூன்று நாளாக மேய்ச்சல் இல்லை. மடியில் பால் வற்றிக்கொண்டிருந்தது. தூக்கமும் இல்லை. சருகு அசைந்தால்கூட எழுந்து, குட்டிக்கு மூச்சு வருகிறதா என்று முகர்ந்து பார்க்கும். அவ்வளவு பயந்த மான்.

குழந்தைகளே, அந்தக் காட்டில் சிங்கராஜா ஒரு சட்டம் போட்டிருந்தார். ஆற்றைக் கடக்கும் ஒவ்வொரு துறையிலும் ஒரு கல் நட வேண்டும். இறங்குகிறவர்களில் எத்தனை பங்கு முதலைக்கு இரையாகிறது என்று, பின்னமாகவோ சதவீதமாகவோ அதில் எழுத வேண்டும். பொய் எழுதினால் தோலை உரித்துவிடுவார்.

கீழ்த்துறைக் கல்லுக்குக் காவல் நரி. முதலைகள் தின்று மிஞ்சியது நரிக்கு. ஆனாலும் அது பொய் எழுதவில்லை. "ஆபத்து: 0.3" என்று உண்மையைத்தான் எழுதியது. அந்தப் பூஜ்யத்தை மட்டும் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக வரைந்திருந்தது.

"வாங்க அக்கா, வாங்க! பிள்ளையோடு வெயிலில் நிற்கலாமா? பாருங்கள், ஆபத்து ஒன்றுகூட இல்லை. பூஜ்யம் புள்ளி மூன்றுதான்" என்றது நரி.

"மேல்துறையில் எவ்வளவு?" என்று மான் கேட்டது.

"ஐயோ, அங்கே நாலு! அரை நாள் நடந்து போய் நாலில் மாட்டிக்கொள்வீர்களா?"

"வெறும் நாலா, நாலு சதவீதமா?"

நரி வாலைச் சொறிந்தது. "ஏதோ சதவீதம். நாலு நாலுதானே அக்கா?"

அதற்குள் ஒரு காட்டுப்பன்றி தன் கூட்டத்தோடு வந்தது. மொத்தம் பத்துப் பேர். அதற்கு எதிலும் அவசரம். "ஏம்மா, வழியை விடு. நாலு பெரிதா, ஒன்றுக்கும் கீழே உள்ளது பெரிதா? இதற்குக்கூட யோசனையா?"

மானுக்குக் கால் கெஞ்சியது. 'இறங்கிவிடலாமே, இன்னும் அரை நாள் யார் நடப்பது' என்று உடம்பு சொன்னது. ஆனால் பயம் விடவில்லை. நூறு பேர் இறங்கினால் எத்தனை பேர் கரையேறுவார்கள்? அது தெரியாமல் குட்டியைத் தண்ணீரில் விட அதற்கு மனம் வரவில்லை.

குளம்பால் மணலில் 0.3 என்று எழுதியது. நூறால் பெருக்க, புள்ளியை வலது பக்கம் நகர்த்தியது. ஓரிடம் நகர்ந்ததும் 3. இன்னோர் இடம் நகர வேண்டும். அங்கே எண் எதுவும் இல்லை. காலி இடத்தில் ஒரு பூஜ்யம் போட்டது.

30.

"அம்மா, முன்னாடி நின்ற பூஜ்யம் பின்னாடி வந்துவிட்டதே!" என்றது குட்டி.

"ஆமாம் கண்ணு" என்ற மான் பன்றியிடம் திரும்பியது. "அண்ணே, இறங்காதீர்கள்! இது முப்பது சதவீதம். நூற்றுக்கு முப்பது பேர். பத்துப் பேர் போனால் மூன்று பேர் வர மாட்டார்கள்!"

"போம்மா, நீயும் உன் மணல் கணக்கும்!" என்று பன்றி சிரித்தது. "நீ பயந்து பயந்தே பட்டினி கிடப்பாய்."

பத்துப் பேரும் இறங்கினார்கள். ஆறு ஒரு முறை கலங்கியது. அக்கரையில் ஏறியவர்கள் ஏழு பேர். பெரிய பன்றி கரையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. நரி நாக்கைச் சப்புக்கொட்டியபடி புதருக்குள் போனது.

மான் குட்டியின் கண்ணை முகத்தால் மறைத்துக்கொண்டு மேல்துறைக்கு நடந்தது. வழியில் இரண்டு முறை முழங்கால் மடிந்தது. இரண்டு முறையும் எழுந்தது.

மேல்துறைக் கல்லில் "4%" என்று தெளிவாக எழுதியிருந்தது. பக்கத்தில் காவல் ஆமை.

"நூறு பேரில் நாலு பேர்" என்றது ஆமை. "அதுவும் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது, தாயே."

"தெரியும்" என்றது மான். நாலும் அதற்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் முப்பது எவ்வளவு என்பதை அது கண்ணால் பார்த்திருந்தது. குட்டியைத் தன் விலாவோடு அணைத்துக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தது.

அக்கரை ஏறியதும் புல்லில் வாய் வைக்கவில்லை. முதலில் ஈர மணலில் பதிந்த கால்களை எண்ணியது. தன்னுடையது நாலு. குட்டியுடையது நாலு. சரியாக எட்டு.

மூன்று நாளுக்குப் பிறகு, அன்றுதான் அந்த மான் கண்ணை மூடித் தூங்கியது.

நீதி: எண் சிறியதாகத் தெரிகிறதே என்று நம்பிவிடாதே, நூற்றுக்கு எவ்வளவு என்று மாற்றிப் பார்த்த பிறகே ஒப்பிடு.