சீமாட்டிக்குத் தெரியாமல்

அறிவைச் சுமப்பது தலைக்குப் பாரம் என்று எண்ணி, அதை ஊர் எல்லையிலேயே இறக்கி வைத்துவிட்டவர்கள் வாழும் ஊர் மந்தமங்கலம். அவ்வூரிலும் தனிப்புகழ் பெற்றவர்கள் மூன்று சகோதரர்கள். மூத்தவர் ஏகாம்பரம், அடுத்தவர் தில்லைநாயகம், கடைக்குட்டி உலகநாதன். நல்லோரே, இவர்களைக் கண்டு சிரியுங்கள்; இரக்கப்பட்டு நெஞ்சை வீணாக்காதீர்கள்.

உலகநாதனுக்கு உயிர், சீமாட்டி என்னும் பூனை. அந்த வீட்டில் அவன் பேச்சை இடைமறிக்காமல் கேட்பது அது ஒன்றே. அந்தச் சீமாட்டி சில நாட்களாகத் தின்றும் இளைத்தது. வாலடியில் அரிசி மணிகள் போல ஏதோ ஒட்டியிருந்தன.

“அரிசி திருடுறாடா!” என்று ஏகாம்பரம் அரிசிப் பெட்டியைப் பூட்டினார். அதன் பின்னும் மணிகள் தென்பட்டதால், பூட்டில்தான் கோளாறு என்று வேறு பூட்டு வாங்கினார்.

உலகநாதனுக்கு மனம் பொறுக்கவில்லை. பூனையைக் கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினான்.

மருத்துவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது அரிசி இல்லப்பா, நாடாப்புழுவோட துண்டு. தெள்ளுப்பூச்சியால வர்றது. பூனை எது மேல எல்லாம் படுக்குதோ, அதை எல்லாம் வெந்நீர்ல அலசி வெயில்ல காயப்போடு. இந்த மாத்திரையை மீன் துண்டுக்குள்ள வச்சு, பூனைக்குத் தெரியாம குடுத்துடு. இன்னிக்கே குடு, ரொம்ப இளைச்சிருக்கு.”

வீடு திரும்பியதும் சபை கூடியது. சீமாட்டி படுக்கும் சாக்கு அலசப்பட்டது, தலையணை அலசப்பட்டது. பிறகு தில்லைநாயகம் தொண்டையைக் கனைத்தார்.

“மத்தியானமெல்லாம் அவ படுக்குறது அண்ணன் தொந்தி மேலதானே?”

“நான் என்ன துணியாடா?” என்றார் ஏகாம்பரம்.

“துணியை மட்டும்னு டாக்டர் சொல்லலையே, அண்ணே.”

ஏகாம்பரம் சட்டையைக் கழற்றினார். அண்டாவில் அலசப்பட்டு, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் குறுக்காகக் காயப்போடப்பட்டார். “திருப்பிப் போடுங்கடா, முதுகு இன்னும் ஈரமா இருக்கு” என்று அவரே நினைவூட்டினார். என்னே கடமை உணர்ச்சி!

அடுத்து மாத்திரை. மூவரும் மாடியிலேயே குசுகுசுவென்று பேசினர்.

“அவளுக்கு ஏன் தெரியக் கூடாது?” என்று உலகநாதன் கேட்டான்.

“நோயாளிகிட்ட நோயைச் சொல்வாங்களாடா? மனசு ஒடிஞ்சிடும். நம்ம அப்பாவுக்கே சொன்னோமா?” என்றார் தில்லைநாயகம்.

“இல்லையே! கடைசி வரைக்கும் ஒண்ணும் தெரியாமத்தானே நிம்மதியா போய்ச் சேர்ந்தாரு!”

ஆகவே, சீமாட்டி உறங்கும்போது மீனை அதன் வாயருகே கொண்டுபோனார்கள். பூனை கண் விழித்தது. “பாத்துட்டா! எடுடா!” என்று பிடுங்கிக்கொண்டார்கள். பின்னர் பூனை வெளியே போயிருந்த வேளையில் அதன் தட்டில் பரிமாறினார்கள். அது திரும்பி வந்ததும் தட்டை ஒளித்தார்கள். பொழுது சாயத் தொடங்கியது. உலகநாதன் தேம்பி அழுதான். அவன் மூக்கின் முன்னேதான் பசியோடு பூனையும், மருந்தோடு மீனும் இருந்தன.

“என் பக்கத்துல வைங்கடா. என் சாப்பாடுன்னு நினைச்சு ஏமாந்துடுவா” என்றார் காய்ந்துகொண்டிருந்த ஏகாம்பரம். காவலுக்குக் கையில் கம்பும் வாங்கிக்கொண்டார். வாங்கியவர் உறங்கிப்போனார். மற்ற இருவரும் மாடி ஏணியடியில் அடுத்த யோசனையில் மூழ்கினர்.

சீமாட்டி வந்தது. மீனை மாத்திரையோடு விழுங்கியது. மீசையை நக்கிக்கொண்டு, புதிதாக அலசிய தொந்தி மேல் ஏறிப் படுத்தது.

“ஐயோ, மறுபடியும் முதல்ல இருந்து அலசணுமே!” என்று மேலே ஏறி வந்து அலறினார் தில்லைநாயகம். உலகநாதனின் துயரம் வேறு. திருட்டுப் பூனையைக் கூடையில் அள்ளிக்கொண்டு மீண்டும் ஓடினான். ஈரமும் உலர்வுமாக அண்ணன்மாரும் பின்னால் ஓடினர்.

“டாக்டரய்யா, வேற மாத்திரை குடுங்க! வச்சிருந்த மருந்தைப் பூனை தின்னுடுச்சு!”

மருத்துவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “தின்னுடுச்சில்ல? அப்புறம் என்னப்பா? உன் பூனை பொழைச்சுது, போ!”

மூவரும் பதறினர். உலகநாதன் கூடைக்குள் கைவிட்டுச் சீமாட்டியின் காதுகளைப் பொத்தினான்.

“மெதுவா பேசுங்கய்யா!” என்று ஏகாம்பரம் கிசுகிசுத்தார். “நோய் வந்ததே அவளுக்குத் தெரியாது. குணமாயிடுச்சுன்னு தெரிஞ்சா சந்தேகப்பட மாட்டாளா?”